கோலத்துக்கு எழுதிய இலக்கணம்

கணினி ஓவியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1965ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து உயர்கல்லூரி ஒன்றில், ஜோர்ஜ் நீஸ் என்பவர் கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஏப்ரலில் நியூயோர்க்கிலே மைக்கேல் நோலும் பேலா ஜூலெஸும் வைத்தார்கள். நவம்பரில் மறுபடியும் ஸ்டுட்கார்ட்டில், ஃபிரீடர் நாகேயின் படங்கள். இவர்கள் எவரும் தூரிகை பிடித்துப் பழகியவர்கள் அல்லர். கணிதமும் பொறியியலும் படித்தவர்கள். நீஸின் காட்சிக்கு வந்த ஓவியர்கள் கோபப்பட்டார்கள் என்றும், மெய்யியற் பேராசிரியர் மக்ஸ் பென்ஸே இதைச் 'செயற்கைக் கலை' என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

நோல் இன்னொரு வேலையும் செய்து பார்த்தார். டச்சு ஓவியர் மொண்ட்ரியானின் கோட்டோவியம் ஒன்றையும், அதைப் பார்த்துத் தம் கணினி வரைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 100 பேரிடம் காட்டினார். எது கணினி வரைந்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர். கணினியின் படமே பிடித்திருக்கிறது என்றவர்கள் 59 பேர். 1968இல் லண்டனில் நடந்த பெருங் கண்காட்சி, அதே காலத்தில் பாரிஸில் கணினிக்கு வந்து சேர்ந்த வேரா மொல்நார் என்று அந்த வரலாறு பிறகு விரிந்துகொண்டு போகும்.

அந்த ஊர்ப் பட்டியலிலே தாம்பரம் இராது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணி (1932–1988) புள்ளியியல் துறைத் தலைவராக இருந்தார். அவருடைய துணைவியார் இராணி சிரோன்மணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியை. அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தவர் கமலா கிருத்திவாசன். பிற்காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கணினித்துறைப் பேராசிரியை. இந்த மூவரும் 1972இலும் 1973இலும் 1974இலும் வெளிநாட்டு ஆய்விதழ்களில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார்கள். 1974ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' என்ற சொல் இருக்கிறது. மொழிபெயர்க்கவில்லை. கோலத்தைக் கோலம் என்றே எழுதினார்கள். அதன் பிறகு கணினிக் கோட்பாட்டு நூல்களில் 'கோலம் இலக்கணம்' என்பது ஒரு கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. கட்டுமரம், பந்தல் என்று நம்முடைய சொற்கள் ஆங்கிலத்துக்குப் போன கதையைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லிச் சலித்திருப்போம். வாசலில் குனிந்து மா இடும் பெண்களின் சொல் கணினியியலுக்குப் போன கதையை நான் படித்த காலத்தில் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சிரோன்மணி ஒரு துறைக்குள் அடங்கிக் கிடந்த ஆள் அல்லர். மாமல்லபுரத்துச் சிற்பங்களின் காலத்தை அணிகலன்களையும் உடையையும் பார்த்து ஆராய்ந்தார். அச்செழுத்திலுள்ள தமிழைக் கணினி அடையாளம் காணும் முறை பற்றி 1978இலேயே எழுதினார். சிந்துவெளி எழுத்துகளைக் கணினியில் இட்டுப் பகுத்துப் பார்த்தார்; அந்த வேலையில் அவரோடு சேர்ந்து 1980களில் கட்டுரைகள் எழுதியவர் அப்துல் ஹக். இந்தப் பெயரை இங்கே ஒருமுறை சொல்லி வைக்கிறேன். நம்மவர்கள் தமிழாய்வுக்குச் செய்தவற்றைப் பட்டியலிடும்போது காப்பியங்களோடும் கிஸ்ஸாக்களோடும் நின்றுவிடுகிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கோலத்துக்கு எப்படி இலக்கணம் எழுதுவது?

நோம் சோம்ஸ்கி 1957இல் எழுதிய நூலிலிருந்து ஒரு கருத்துப் பரவியது. ஒரு மொழியில் பேசக்கூடிய வாக்கியங்களுக்கு முடிவில்லை. ஆனால் அவற்றை ஆக்கும் விதிகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். வாக்கியம் என்பது எழுவாயும் பயனிலையும் ஆகும், பயனிலை என்பது செயப்படுபொருளும் வினையும் ஆகும் என்று ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு வாக்கியம் கையில் வரும். தொல்காப்பியப் புணரியலைப் படித்தவர்களுக்கு இது அப்படி ஒன்றும் புதினமாகத் தோன்றாது. நிலைமொழியின் ஈறு இது, வருமொழியின் முதல் இது, ஆகவே இது திரியும், இது கெடும், இது தோன்றும் என்பதும் மாற்றும் விதிகள்தானே. சோம்ஸ்கியின் கருத்தைக் கணினிக்காரர்கள் உடனே கையில் எடுத்துக்கொண்டார்கள். சொற்றொடருக்கு இலக்கணம் எழுதலாமென்றால் படத்துக்கும் எழுதலாமே என்று 1960களிலேயே கேட்டவர்களில் முன்னோடி ஆர். நரசிம்மன், பம்பாயில் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இந்தியாவின் முதற் கணினிகளுள் ஒன்றை உருவாக்கிய குழுவை நடத்தியவர்.

சிக்கல் என்னவென்றால், வாக்கியம் ஒரே திசையில் போகும். படம் இரண்டு திசையில் விரியும். தாம்பரத்து மூவரும் இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. முதலில் ஒரு வரியைக் குறுக்காக ஆக்கிக்கொள்வது. பிறகு அந்த வரியிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி வளர்ந்து, ஒவ்வொரு நிரலாக இறங்குவது. இரண்டு கட்டம். தறியிலே பாவை ஓட்டி முடித்த பிறகு ஊடையைச் செலுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இதன் பெயர் இன்றைக்கும் 'சிரோன்மணி அணி இலக்கணம்'. பின்னாளில் வந்த விதிகள் இன்னும் நுட்பமானவை. ஏற்கெனவே உள்ள கட்டத்தின் மேலும் கீழும் பக்கத்திலும் புதிய கட்டங்களை ஒட்டிக்கொண்டே போய்ப் படத்தைப் பெருப்பிப்பவை.

இது புள்ளிகளை நிரப்பும் கோலங்களுக்குச் சரி. கம்பிக் கோலம் வேறு விதம். சிக்குக் கோலம், நெளிக் கோலம் என்றும் சொல்வார்கள். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று 25 புள்ளி வைத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளியையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்பி வரவேண்டும். சிரோன்மணியும் உடனிருந்தவர்களும் இங்கே கோடு போன பாதையைப் பார்த்தார்கள். போடுகிற பெண்ணின் கை என்ன செய்கிறது? நேரே போகிறது, இடப்பக்கம் வளைகிறது, வலப்பக்கம் வளைகிறது, புள்ளியை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. இப்படி ஒரு சில அசைவுகள்தாம். ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எழுத்து வைத்தால் முழுக் கோலமும் எழுதப்பட்ட ஒரு சொல்லாகிவிடும். பெரிய கோலத்தைப் போடுகிற பெண் அதை ஒரு படமாக மனத்தில் வைத்திருக்கிறாளா, இல்லையேல் ஓர் ஓசைபோல வரிசையாக வைத்திருக்கிறாளா என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது. செய்யுளை மனனம் பண்ணிய எவருக்கும் இந்தக் கேள்வியின் சுவை தெரியும்.

இதற்குள் இன்னொரு திசையிலிருந்தும் ஒரு விதி வந்து சேர்ந்தது. லிண்டன்மயர் என்ற ஹங்கேரிய உயிரியலாளர், பாசி இழைகள் வளரும் முறையை எழுத்துகளாலேயே விளக்க 1968இல் ஒரு முறை வகுத்தார். ஒரு கணத்தில் உள்ள எல்லா எழுத்துகளும் ஒரே தடவையில் மாறும். அடுத்த கணம் மறுபடியும் மாறும். அந்த முறையைக் கோடு வரைவதற்குப் பயன்படுத்தியவர்களுள் இராணி சிரோன்மணியும் கே. ஜி. சுப்பிரமணியனும் உண்டு. கனடாவில் பணியாற்றிய பிரூசின்கீவிச் என்ற போலந்துக்காரரும் கமலா கிருத்திவாசனும் தென்னிந்தியக் கோலங்களை இம்முறையில் கணினியில் ஆக்குவது பற்றி 1988இல் சேர்ந்து எழுதினார்கள். அதே பிரூசின்கீவிச்சும் லிண்டன்மயரும் 1990இல் வெளியிட்ட நூல், கணினித் திரையில் செடி கொடி வளர்ப்பவர்களுக்கு இன்றும் பாடநூல்.

கண்ணனின் கொலுசு என்ற பெயரில் அறியப்பட்ட கோலத்தின் விதியை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். 'நே' என்றால் ஒரு பாகம் நேரே போ. 'தி' என்றால் 45 பாகை திரும்பு. 'க' வெறும் இடம்பிடி. அதற்குக் கோடு இல்லை. தொடக்கம்: தி க தி தி க. விதி ஒன்றே ஒன்று: க இருக்கும் இடமெல்லாம் 'க நே க தி தி க நே க' என்று எழுது. அவ்வளவுதான். முதல் தடவை மாற்றினால் நாலு கோடு வரும். முனையில் நிற்கும் ஒரு சதுரம். இரண்டாம் தடவை 20 கோடு. மூன்றாம் தடவை 84 கோடு. ஒவ்வொரு தடவையும் கோடு மூடிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். மூலைகளை வளைத்துவிட்டால் வாசலில் போடுகிற கோலம். எவ்வளவு பெரிதாகப் போட வேண்டுமென்றாலும் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை, அதே ஒரு விதிதான்.

நான் படிப்பிக்கிறது தமிழ். ஆனாலும் பதினோராம் வகுப்புக்குப் புணர்ச்சி படிப்பித்த ஒரு நாளில், 'விதி என்றால் என்ன' என்று காட்டுவதற்காக இதைக் கரும்பலகையில் எழுதி, கணிதக் கொப்பியில் கட்டத்தின்மேல் வரைந்து பாருங்கள் என்றேன். இருபது கோடு வரைக்கும் எல்லாரும் வந்தார்கள். எண்பத்து நாலுக்கு மூன்று பேர்தான் போனார்கள். அதிலே ஒரு பிள்ளை, "டீச்சர், இது எங்கட வீட்டுப் பழைய பாய்ட கரை மாதிரிக் கிடக்கு" என்றாள்.

எங்கள் வீடுகளில் வாசலில் கோலம் போடும் வழக்கமில்லை. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் அரிசிமாவால் போடுவதை நின்று பார்த்து வளர்ந்தவர்கள்தாம் வன்னி முஸ்லிம்கள். ஆனால் பாய் எங்களுடையது. என் உம்மாவின் உம்மா பாய் இழைப்பார். குளத்தங்கரையில் பன் அறுத்து, காயவைத்து, சாயம் காய்ச்சித் தோய்த்து, சீமெந்து நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்து இழைப்பார். வாயில் முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருக்கும். "ரெண்டை எடு, ரெண்டை விடு, ஒண்டு தள்ளு." ஒரு வரிக்கு இதுதான் கட்டளை. அடுத்த வரியில் ஒன்று தள்ளித் தொடங்குவதால் கோடு சரிந்து ஏறும். நடுவில் "இனித் திருப்பு" என்றால் தள்ளும் பக்கம் மாறும். சரிந்து ஏறிய கோடு சரிந்து இறங்கும். அப்படி மாற்றி மாற்றித் திருப்பினால் நெளி வரும், நாலு பக்கமும் திருப்பினால் கண் வரும். எடு, விடு என்ற இரண்டே நிலை. கணினியின் ஒன்றும் சைபரும் இதுதான் என்று இன்று தகவல் தொழினுட்பப் பாடத்தில் படிப்பிக்கிறார்கள்.

பாய்க்கும் கோலத்துக்கும் உள்ள உறவு தோற்றத்தில் மட்டும் உள்ளதன்று. மொசாம்பிக்கில் வாழ்ந்து பணியாற்றிய கணித அறிஞர் பவுலஸ் கெர்டெஸ் (1952–2014) ஆபிரிக்கரின் மணற்கோலங்களையும் ஓலைப் பின்னல்களையும் ஆராய்ந்தவர். 1989இல் தமிழ்க் கோலங்களைப் பற்றியும் எழுதினார். மணலில் போகும் ஒற்றைக் கோடும் பாயில் போகும் ஓலைக் கீறும் ஒரே பாதையில்தான் போகின்றன என்று அவர் காட்டினார். நீட்டுக்கு இத்தனை, அகலத்துக்கு இத்தனை என்று நேர்ப்புள்ளி வைத்து, கோடு சரிவாக ஓடி விளிம்பில் பட்டுத் திரும்பும்படி போட்டால், மொத்தம் எத்தனை தனிக் கோடு வரும்? இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ அத்தனை. 3க்கு 4 வைத்தால் ஒரே கோட்டில் முடியும். 4க்கு 6 என்றால் இரண்டு கோடு. 3க்கு 3 என்றால் மூன்று. எட்டாம் வகுப்பில் வெறும் கணக்காகப் படிப்பிக்கிற பொ.கா.பெ. வாசலிலும் பாயிலும் கிடக்கிறது. சென்னையில் வாழ்ந்த இயற்பியலாளர் எஸ். நாராணன் பிபொனாச்சி எண்களைக் கொண்டு ஒற்றைக்கோட்டுக் கோலங்களை அமைத்தபோது துணைக்கு வந்ததும் இந்தக் குணந்தான்: பக்கத்துப் பக்கத்துப் பிபொனாச்சி எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது.

இந்த இடத்தில் எங்களுடைய பழம்பெருமையை இழுத்துக்கொண்டு வரும் ஆசை எனக்கும் உண்டு. அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் 'அல்கோரிதம்' வந்தது என்பதை மீலாத் மேடைகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது, 10ஆம் நூற்றாண்டுக் கணிதர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி கைவினைஞர்களுக்கென்றே கேத்திரகணித நூல் ஒன்று எழுதினார் என்பது. மேதை ஒருவர் தச்சரோடும் கல்லடுக்கிகளோடும் பேச இறங்கி வந்த நூல் அது. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் பாதுகாக்கப்படும் சுருளில் 114 கோலவடிவங்கள் இருக்கின்றன. கட்டடக் கலைஞர்கள் கைமாற்றி வந்த மாதிரிகள். இஸ்ஃபஹானில் 1453ஆம் ஆண்டைச் சேர்ந்த தர்பி இமாம் கட்டடத்தின் சுவரிலே, எங்கும் அப்படியே திரும்பி வராத ஒரு வகை ஒழுங்கு இருப்பதை பீட்டர் லூ, போல் ஸ்டைன்ஹார்ட் இருவரும் 2007இல் எடுத்துக்காட்டினார்கள். மேற்குலகக் கணிதம் அந்த ஒழுங்கை 1970களில்தான் கண்டடைந்தது. அந்தக் கொத்தர்களுக்குத் தேற்றம் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து வகை ஓடும் அவற்றைச் சேர்க்கும் விதியும் தெரிந்திருந்தன. அவர்களுக்கு அரசர்கள் இருந்தார்கள். சுருளைப் பாதுகாக்க அரண்மனை இருந்தது.

பன்பாய்க்குச் சுருள் இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து போனவர்கள் பலர் புத்தளத்தில் முகாம்களில் இருந்தோம். அங்கே உம்மாவின் உம்மா கிடுகு பின்னினார். எங்களுக்குக் கூரை வேண்டும், விற்றால் காசும் வரும். கிடுகில் கரை இல்லை, கண் இல்லை, திருப்பு இல்லை. ஓலையை ஒன்றுவிட்டொன்று மடித்துக்கொண்டு போவதுதான். அவருடைய கை பத்து வருடத்துக்கு மேல் அந்த ஒரே விதியைத்தான் செய்தது. 2009க்குப் பிறகு ஊர் திரும்பியபோது குளமும் பன்னும் இருந்தன, அவர் இல்லை. என் உம்மாவுக்கு "ரெண்டை எடு, ரெண்டை விடு" வரை தெரியும். கண் எப்படித் திருப்புவது என்று கேட்டால், "அது உம்மாக்குத்தான் தெரியும்" என்பார்.

சிரோன்மணி குழுவினர் செய்ததன் பெறுமதி எனக்கு இங்கேதான் விளங்குகிறது. நீஸும் நாகேயும் தங்கள் கணினிகளுக்குக் குருட்டாம்போக்கு எண்களைக் கொடுத்தார்கள். நீஸின் பேர்பெற்ற படமொன்றில் 12க்கு 22 என்று அடுக்கிய சதுரங்கள் கீழே போகப் போகக் குலைந்து சிதறும். அழகான படம், அதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. கணினி தானாக எதையாவது படைக்குமா என்பதே அவர்களுடைய ஆவல். தாம்பரத்தில் கேட்ட கேள்வி, ஒரு பெண்ணின் கை ஏற்கெனவே அறிந்திருப்பதை எழுத்தில் வைக்க முடியுமா என்பது. அதை எழுதி வைத்ததால், இனிக் கோலம் போடும் ஒருவர்கூட இல்லாமற் போனாலும் கோலம் எப்படி உண்டாகிறது என்பது அழியாது. எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இலக்கணத்துக்குச் சிரோன்மணியின் பெயர் நிலைத்தது, கோலத்தின் பெயரும் நிலைத்தது. போட்டுக் காட்டிய பெண்களின் பெயர்கள் கணினி வரலாற்றில் எங்கேயும் நிலைக்கவில்லை.

பெயர் நிலைத்த ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமியா ஹலபி 1936இல் ஜெரூஸலத்தில் பிறந்தவர். 1948இல் குடும்பத்தோடு பலஸ்தீனத்தைவிட்டு அகதியாகப் போனவர். அமெரிக்காவில் ஓவியப் பேராசிரியையாக இருந்தார். 1986இல், ஐம்பது வயதில், அமிகா என்ற வீட்டுக் கணினி ஒன்றை வாங்கி, கட்டளை எழுதத் தாமே பழகி, அசையும் ஓவியங்களை ஆக்கினார். இஸ்லாமியக் கட்டடங்களின் கேத்திரகணித அமைப்பை அதற்கு இருபது வருடம் முன்பே போய்ப் பார்த்துப் படித்து வந்தவர் அவர். அந்த அமிகாப் படங்களை இப்போது பெரிய அருங்காட்சியகங்கள் கேட்டு வாங்கி வைக்கின்றன.

நான் செய்யத் தொடங்கியிருப்பது மிகச் சின்ன வேலை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தெரிந்த வீடுகளில் 1990க்கு முந்திய பாய் ஏதாவது தப்பியிருக்கிறதா என்று கேட்டு, கிடைத்தால் கணிதக் கொப்பியில் ஒவ்வொரு வரியாக எடு–விடு என்று எழுதிக்கொள்கிறேன். எடுத்ததற்குப் புள்ளி, விட்டதற்கு வெற்றுக் கட்டம். இதுவரை ஏழு பாய். அதில் இரண்டு பாய்களில் கண் இருக்கிறது. ஒன்றில் திருப்பு எந்த வரியில் நடக்கிறது என்று பிடித்துவிட்டேன்: பத்தாவது வரியில், நடு இழை ஒன்றை மட்டும் மூன்றாக எடுத்திருக்கிறார்கள். மற்றதில் நடுப்பகுதி தேய்ந்து கிழிந்துவிட்டது. கரையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வாசகர்களின் வீடுகளில் பழைய பாய் சுருட்டிக் கிடந்தால், ஒரு கண்ணின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை எடு–விடுவை எழுதி, இழைத்தவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பாய் எவ்வளவு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.